எந்த ‘செட்’டைச் சொல்றீங்க? சேலம், ஏற்காடு அனுபவப் பகிர்வு

‘செட்’ என்ற ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு தொழிலிலும் ஒவ்வொரு அர்த்தம். அதைப்பற்றி அந்தந்த ஊர்க்காரங்க எழுதியது இது.

கொண்டலாம்பட்டி கட்டடவேலை

நேற்று மாலை தளம் போட்டாச்சு. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்து நின்று, “அதான் செட் ஆயிடுச்சே, முட்டுக்கட்டையை உருவிடலாமே” என்கிறார். மேஸ்திரி சொன்ன சொல்லைத்தான் அவரும் சொல்கிறார், ஆனால் வேறு அர்த்தத்தில். செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு முதல் செட்டிங் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, கடைசி செட்டிங் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. இதை விகாட் கருவியில் பார்ப்பார்கள். 1 சதுர மில்லிமீட்டர் ஊசி சிமெண்ட் பசைக்குள் இறங்கி, அச்சின் அடியிலிருந்து சுமார் 5 மி.மீ. மேலேயே நின்றுவிட்டால் முதல் செட்டிங் முடிந்தது. குழைவு போய்விட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் இடைவெளி வரை உள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்கணும், அதற்கு மேல் போனால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள்.

நாகலூர் காப்பிக்காடு

எங்க பக்கம் “செட் ஆச்சா?” என்று கேட்டால், பூ பிஞ்சாகப் பிடித்ததா என்று கேட்பதாக அர்த்தம். மார்ச், ஏப்ரலில் பூமழை இறங்கி 8, 10 நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். அப்படி விரிந்த அதே காலையில் மழை பிடித்துக்கொண்டால் போச்சு. மகரந்தம் கழுவிப்போய், நனைந்த பூ கொத்துக்கொத்தாகக் கருகித் தொங்கும். அந்தக் கோலத்தைப் பார்த்தபிறகும் ஒரு வியாபாரி, பூ உதிர்ந்த வாரமே “செட்டிங் எத்தனை சதவீதம்?” என்று விலை பேச வந்து நிற்கிறார். யாராலும் சொல்ல முடியாது. பிஞ்சு குண்டூசித்தலை அளவில் பல வாரம் அப்படியே கிடக்கும். பூமழைக்குப் பின் இரண்டு மூன்று வாரத்துக்குள் பின்மழை வராவிட்டால் பிடித்ததும் உதிரும். பூக்கும்போதே நாலு மூலையிலும் சில செடிகளில் கிளைக்கு நூல் கட்டி, கணுவுக்கு எத்தனை பூ என்று எழுதிவைக்கணும். பிஞ்சு பருக்க ஆரம்பித்ததும் அதே கணுக்களை மறுபடி எண்ணணும். அராபிகா தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், அதனால் அங்கே காற்றும் தேனீயும் இல்லாமல் செட்டிங் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை

சேலத்தில் செட் என்றாலே தட்டுவடை செட்தானே! இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, மல்லிப் புதினாச் சட்னி. ரயிலுக்கு ‘பத்து செட்’ பார்சல் வாங்கிய வெளியூர்க்காரங்க ஜோலார்பேட்டையில் பிரித்தபோது மொத்தமும் நமுத்துப்போயிருந்தது. அவங்க முகம் வாடினது இன்னும் மனசுல நிக்குது. சேர்த்த பிறகு செட் காத்திருக்காது. வடை தனியா, துருவல் தனியா, சட்னி தனியான்னு கேட்டு வாங்குங்க. துருவலில் முன்கூட்டியே உப்பு போட்டால் தண்ணி விட்டுடும். சட்னி கெட்டியா இருக்கணும். வடை தட்டும்போது முள்கரண்டியால் குத்தாமல் விட்டால் பூரி மாதிரி உப்பி, அடுக்க முடியாது.

அஸ்தம்பட்டி

முதல் பதிவுக்கு ஒரு மறுப்பு. 30 நிமிடக் கணக்கைத் தளத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீங்க. அது 27 டிகிரி சுற்று வெப்பத்தில், ஜல்லியும் மணலும் இல்லாத வெறும் பசைக்குப் பார்ப்பது. நம்ம ஊர் மே மாத வெயிலில் கலவை சீக்கிரமே இறுகும். இறுகினதும் ஒரு வாளி தண்ணி ஊற்றிக் குழைப்பாங்களே, அதுதான் பெரிய கேடு. வேலை சுலபமாகும், பலம் இறங்கிடும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரங்களுக்கு: இறுகுற செட்டும் வடை செட்டும் ஒரே சொல் இல்லை. முதலாவது ‘வை, அமர்த்து’ என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கூட்டம், தொகுதி என்ற செட் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘செக்டா’விலிருந்து வந்தது, பிறகு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோனது. மாடர்ன் தியேட்டர்ஸில் போட்ட சினிமா செட் முதல் வகையோடு சேர்ந்தது.

லீ பஜார் மரக்கடை

ரம்பத்துக்கு செட் வைப்பது யாருக்கும் நினைவு வரலையே. பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக லேசாக வளைப்பது. பல்லின் நுனிப் பாதியை மட்டும் வளைக்கணும், அடியோடு வளைத்தால் முறியும். எஸ்டேட்டில் வெட்டிய ஈரமான சில்வர் ஓக் துண்டில் ரம்பம் பாதியில் கவ்விக்கொண்டு நின்றால், செட் போதவில்லை என்று அர்த்தம். அறுத்த தடம் தகட்டை விட அகலமாக இருந்தால்தான் தகடு உரசாது. ஈர மரத்துக்குக் கூடுதல், காய்ந்த கெட்டி மரத்துக்குக் குறைவு. ஒரு பக்கம் அதிகமானால் கோடு அந்தப் பக்கமே ஓடும்.

வாழப்பாடி

‘பம்ப்செட் முழுசா’ என்று விலை பேசி இறக்கியதில் ஃபுட் வால்வும் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணி திரும்ப இறங்காமல் தடுப்பது) இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. கேட்டால், மோட்டாரும் பம்பும் சேர்ந்தாலே செட்தானாம். ரசீதில் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லி எழுத வையுங்க.

அப்படியே இன்னொன்று, ஏற்காட்டில் பம்ப் வைக்கிறவங்களுக்கு. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணியைத் தூக்கக்கூடிய உச்சம் 10.3 மீட்டர். 1,500 மீட்டர் உயரத்தில் அது சுமார் 8.6 மீட்டர்தான். குழாய் உராய்வு, வளைவு எல்லாம் கழித்தால் கீழே 6, 7 மீட்டர் இழுக்கும் செட்டை மேலே 5 மீட்டருக்குள் வைப்பது நல்லது. உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து பம்ப் வரை ஏறிக்கொண்டே வரணும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும். உறிஞ்சு குழாய் மூட்டில் கசிவு இருந்தால் ஓடும்போது தண்ணி சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. மோட்டாரைப் போடும் முன் பம்பிலும் உறிஞ்சு குழாயிலும் தண்ணி நிரப்பி (பிரைமிங்) கால்மணி நேரம் பாருங்க. மட்டம் இறங்கினால் ஃபுட் வால்வில் குப்பையோ, தோல் வாஷர் தேய்மானமோ, இல்லை மூட்டில் கசிவோ. அதைச் சரிபண்ணாமல் ஓட்டினால் பம்ப் வறண்டு சுற்றி சீல் கருகிடும்.