கார்ல் பார்க்ஸின் வாத்துக் கதைகள்: குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

தாள்வாசம்:
அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கிறான். பிறந்தநாளுக்கு அமெரிக்க ஓவியர் கார்ல் பார்க்ஸ் எழுதி வரைந்த டிஸ்னி காமிக்ஸ், அதாவது டொனால்ட் டக் என்ற வாத்தும் அவனுடைய பணக்காரக் கஞ்ச மாமா அங்கிள் ஸ்க்ரூஜும் வரும் தொகுப்புகளை வாங்கித் தரலாம் என்றிருந்தேன். கொடுப்பதற்கு முன் ஒன்றை நானே படித்துப் பார்த்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது.

1951-ல் வந்த ஒரு பத்துப் பக்கக் கதை. ஸ்க்ரூஜ் தன் பண்ணைக் களஞ்சியத்தில் கொட்டி வைத்திருக்கும் பணத்தை ஒரு சூறாவளி தூக்கிப் போய் ஊரெல்லாம் இறைத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள். யாரும் வேலைக்குப் போவதில்லை, கடைகளில் சாமான் இல்லை. ஸ்க்ரூஜ் மட்டும் பேசாமல் பண்ணை வேலையைப் பார்க்கிறார். பசி வந்ததும் ஊரே அவர் வாசலில் நிற்கிறது. முட்டைக்கும் முட்டைக்கோஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்லி, போன பணம் முழுவதையும் திரும்ப வாங்கிவிடுகிறார்.

இதிலிருந்து பையன் என்ன புரிந்துகொள்வான்? சாதாரண ஆள் கையில் பணம் சேர்ந்தால் சோம்பேறியாவான், அது முதலாளியிடம் இருப்பதே ஊருக்கு நல்லது என்றுதானே? படமும் நகைச்சுவையும் பிரமாதம். அதனால்தான் யோசனையே.

ரயிலடி:
ஒரே கதையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே நண்பரே. 1954-ல் வந்த 'ட்ராலா லா' கதையையும் படியுங்கள். ஆளாளுக்குப் பணம் கேட்டு நச்சரித்ததில் ஸ்க்ரூஜுக்கு நரம்புத் தளர்ச்சி வந்துவிடுகிறது. பணமே புழங்காத ஓர் இமயமலைப் பள்ளத்தாக்கைத் தேடிப் போகிறார். அங்கே அவர் தூக்கிப் போட்ட மருந்து பாட்டில் மூடி ஒரு விவசாயி கையில் கிடைக்கிறது. இதுவரை பார்க்காத பொருள், எல்லோருக்கும் ஆசை. மூடிக்கு விலை ஏறுகிறது, மூடியே காசாகிறது. அந்த ஆசையை அடக்க ஸ்க்ரூஜ் விமானங்களிலிருந்து மூடிகளைக் கொட்ட ஏற்பாடு செய்கிறார். வயலெல்லாம் மூடி. வேண்டாம் வேண்டாம் என்று ஊரே அலறுகிறது.

பணத்தின் மதிப்பு எங்கிருந்து வருகிறது, மிஞ்சிப் போனால் என்ன ஆகும் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்? அதுவும் ஒரு வாத்தை வைத்து.

சுக்குமல்லி:
அதே கதையை அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் பக்கம் நின்று பாருங்கள் ரயிலடி. ஒரு பாட்டில் மூடியைக் கண்டதும் மயங்கிவிடும் அப்பாவிகள். வெளியூர்க்காரன் வந்தால்தான் அவர்கள் ஊரில் எதுவுமே நடக்கிறது. சிலியில் 1971-ல் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மட்லாரும் சேர்ந்து ஒரு புத்தகமே எழுதினார்கள், டொனால்ட் டக்கை எப்படிப் படிப்பது என்று. அதில் வரும் கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? இந்த வாத்து உலகத்தில் அப்பா அம்மா ஏன் இல்லை? மாமாக்களும் மருமகன்களும் மட்டும்தானே இருக்கிறார்கள்? பொருளை உற்பத்தி செய்யும் தொழிலாளி எங்கே? செல்வம் என்றால் ஏதோ ஒரு தூர தேசத்தில் புதைந்து கிடக்கும், வாத்துகள் போய் எடுத்து வருவார்கள். அந்த ஊர்க்காரர்கள் கையாட்டி வழியனுப்புவார்கள்.

1973-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தப் புத்தகத்தைத் தீயில் போட்டார்கள். வெறும் வாத்துப் படம் என்றால் அதைப் பற்றி எழுதியதன் மேல் அவ்வளவு கோபம் எதற்கு?

ரயிலடி:
புத்தகத்தை எரித்தது அயோக்கியத்தனம், அதில் நமக்குள் தகராறு இல்லை. எரித்ததாலேயே அதில் எழுதியதெல்லாம் சரியாகிவிடாது.

அவர்கள் கையில் இருந்தவை சிலியில் விற்ற ஸ்பானிஷ் இதழ்கள். பல பேர் எழுதிய கதைகள் அதில் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் 'டிஸ்னி' என்ற ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டார்கள். பார்க்ஸின் கதைகள் வந்த அமெரிக்க இதழ்களை டிஸ்னி நிறுவனம் தயாரிக்கவே இல்லை. உரிமம் வாங்கிய வெஸ்டர்ன் பப்ளிஷிங் தயாரித்தது, டெல் என்ற பெயரில் விற்றது. பார்க்ஸ் 1942-ல் டிஸ்னி ஸ்டுடியோவை விட்டு வந்து, கோழிப்பண்ணை வைக்கலாம் என்றிருந்தவர். அதற்கு முன் பார்க்காத கூலி வேலை இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று வெஸ்டர்ன் கொடுத்த பணத்தில் 1966 வரை வரைந்தார். அந்த இதழ்களில் ஒன்று 1950-களின் தொடக்கத்தில் மாதம் முப்பது லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அவருக்கு ராயல்டி கிடையாது, கதையில் பெயர்கூடக் கிடையாது. வாசகர்கள் 'அந்த நல்ல வாத்து ஓவியர்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பெயரைக் கண்டுபிடிக்கவே 1960 வாக்கில்தான் முடிந்தது. உலகின் மிகப் பெரிய பணக்கார வாத்தை உருவாக்கியவரின் நிலைமை இது. இவரா முதலாளிக்குக் கொடி பிடித்தார்?

சுக்குமல்லி:
கூலிக்கு வேலை செய்பவன் முதலாளியைப் புகழ்ந்து எழுத மாட்டான் என்று எந்த ஊரில் சட்டம்? நம் சினிமாவில் தினமும் பார்க்கிறோம்.

நாலாம்பெஞ்சு:
ஐயா, தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை டக் டேல்ஸ் வரும், இதே ஸ்க்ரூஜ் வரும் கார்ட்டூன். இந்தியில். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது என்னிடம் பணமும் இல்லை, பணத்தாசையும் பெரிதாக இல்லை. எச்சில் கையால் காக்கா ஓட்டாத கிழவர் காசில் நீச்சலடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று. மூழ்கிய படகைப் பிங்பாங் பந்துகளை நிரப்பித் தூக்குவதாகப் பார்க்ஸ் 1949-லேயே எழுதிவிட்டார். பின்னால் ஒரு டேனிஷ்காரர் நிஜக் கப்பலை அதே மாதிரி தூக்கிவிட்டு காப்புரிமை கேட்டால், வாத்துக் கதையில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று மறுத்துவிட்டார்களாம். இப்படிப்பட்ட மூளைக்காரரைப் போய்க் குறை சொல்கிறீர்களே.

மணற்கேணி:
கப்பல் உண்மை. 1964-ல் குவைத்தில் மூழ்கிய கப்பலை கார்ல் க்ரோயர் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நுரை உருண்டைகளை உள்ளே செலுத்தி மிதக்க வைத்தார். வாத்துக் கதையால் காப்புரிமை போயிற்று என்பதற்கு மட்டும் நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை, வாய்வழியாகச் சுற்றும் கதை.

தாள்வாசம், நீங்கள் பணத்தைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது படங்களைப் பற்றி. 1949-ல் வந்த ஒரு கதையில் பாம்பி என்ற நடைப்பிணம் வருகிறான். ஆப்பிரிக்கர்களை அந்தக் காலத்து அமெரிக்கா எப்படிக் கேவலமாக வரைந்ததோ அப்படியே வரைந்திருக்கிறது. இதே பாத்திரத்தைப் பின்னால் வந்த வாத்து ஓவியர் டான் ரோசா தன் ஸ்க்ரூஜ் கதைகளில் பயன்படுத்தினார். அதனால் அவருடைய இரண்டு கதைகளை இனி மறுபதிப்பு செய்வதில்லை என்று 2023-ல் டிஸ்னி முடிவெடுத்தது. ஒன்பது வயதுப் பையன் பணத்தைப் பற்றிய கருத்தை வீட்டில், கடையில், பள்ளியில் பார்த்து மாற்றிக்கொள்வான். கறுப்பு மனிதர் ஒருவரை நேரில் பார்க்கும் முன் இந்த முகம் மனதில் பதிந்துவிட்டால் யார் போய் அழிப்பது?

ரயிலடி:
அந்தக் கதையின் படங்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. பையனுக்கு இப்போது கொடுக்கவும் வேண்டாம். ஆனால் மறுபதிப்பையே நிறுத்துவது வேறு. நாளை ஒரு மாணவர் அந்தக் காலத்து இனவெறியைப் பற்றி எழுத நினைத்தால் எதைக் காட்டுவார்? முன்னுரை போட்டு, பெரியவர்களுக்கான பதிப்பாகக் கொண்டுவரலாமே.

அதே 1949-ல் வந்த சதுர முட்டைக் கதையைப் பாருங்கள். டொனால்டும் அவனுடைய மூன்று மருமகப் பையன்களும் சதுர முட்டை தேடி தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்குப் போகிறார்கள். பனிமூட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஊர், எல்லாமே சதுரம். மக்கள் பேசுவதோ அமெரிக்கத் தென்மாநிலத்து ஆங்கிலம்! எப்போதோ அலபாமாவிலிருந்து வந்து போன ஒரு பேராசிரியர் கற்றுக்கொடுத்தது. உருண்டையாக எதையாவது செய்தால் அங்கே குற்றம், பையன்கள் பபிள்கம் ஊதி மாட்டிக்கொள்வார்கள். முழுக்க முழுக்க கிறுக்கு. படித்துச் சிரிக்காதவர் இருந்தால் சொல்லுங்கள்.

சுக்குமல்லி:
நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கேட்கிறேன், அந்த மக்களுக்கென்று ஒரு மொழி இருந்திருக்குமே, அது எங்கே போயிற்று? ஆண்டீஸ் மலையில் ஒருவன் அமெரிக்கன் மாதிரி பேசுவதுதான் நகைச்சுவை என்றால், கேலிக்கு ஆளாவது பேராசிரியரா, அந்த மக்களா?

ரயிலடி:
பேராசிரியர்தான். தன் ஊர் உச்சரிப்பைத்தான் உலகத்துக்கே கற்றுத் தர வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர்.

தாள்வாசம்:
இரண்டு பேருமே நம்பும்படி பேசுகிறீர்கள். அதுதான் என் சிக்கலும். பெரியவர்களுக்கு நையாண்டி புரியும். பையனுக்கு?

ரயிலடி:
புரிய வேண்டிய அளவுக்குப் புரியும். 1953-ல் வந்த க்ளோண்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் க்ளோண்டைக்கில் தங்க வேட்டைக் காலத்தில் தன்னை ஏமாற்றிய கோல்டி என்ற பெண்ணிடம் பழைய கடனை வசூலிக்க ஸ்க்ரூஜ் போகிறார். அவள் கிழவியாக, ஒன்றுமில்லாமல் இருக்கிறாள். போட்டி வைக்கிறார், தோண்டுகிறார்கள், அவர் புதைத்து வைத்த தங்கம் அவளுக்குக் கிடைக்கிறது. நினைவாற்றல் மாத்திரையை விழுங்க மறந்துவிட்டேன், அதனால்தான் இடம் மறந்துபோயிற்று என்று எரிந்து விழுகிறார். டொனால்ட் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தால், அன்றைய மாத்திரையை அவர் விழுங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. ஒன்பது வயதுப் பையனுக்கு இது போதும்.

மணற்கேணி:
முழுப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். முதலில் வந்தபோது மதுக்கூடச் சண்டையும் கோல்டியைத் தூக்கிப் போகும் காட்சியும் குழந்தைகளுக்கு ஆகாது என்று ஆசிரியர் குழு வெட்டிவிட்டது. பிறகு 1981-ல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

சுக்குமல்லி:
வெட்டிய பக்கங்களில் என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்களேன். காபியில் மயக்க மருந்து கலந்து தங்கக் கட்டியைத் திருடினாள் என்பதற்காக அவளைத் தூக்கிப் போய், சொற்பக் கூலிக்கு ஒரு மாதம் மண் வெட்ட வைக்கிறார். இதைத்தான் காதல் கதை என்று ரசிகர்கள் உருகுகிறார்கள்.

ரயிலடி:
இருவருமே திருடர்கள், இருவருமே பிடிவாதக்காரர்கள். அதனால்தான் அது கதை. நல்லவர்கள் மட்டும் வரும் வாத்துக் கதை வேண்டுமென்றால் கடையில் ஏராளம் கிடைக்கிறது, பத்துப் பக்கத்தில் தூக்கம் வந்துவிடும்.

தாள்வாசம்:
சரி. சதுர முட்டைக் கதை இருக்கும் தொகுப்பும், க்ளோண்டைக் முழுப் பதிப்பும் ஆர்டர் போடுகிறேன். பாம்பி கதை இருக்கும் தொகுப்பு இப்போது வேண்டாம். சூறாவளிக் கதையை மட்டும் அவனோடு உட்கார்ந்து படிக்கப் போகிறேன், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கோழி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க.

நாலாம்பெஞ்சு:
ஸ்க்ரூஜ் தீவன விலையை ஏற்றியிருப்பார்.