பென்ஷன் நஷ்டஈட்டுக்கு வரி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பிரிட்டனில் இருப்பவர்களில் பென்ஷன், வரி விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் கணவர் 22 வருடம் வேலை பார்த்த கம்பெனி, கடைசிச் சம்பளத்தைக் கணக்கிட்டு ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும். 2016இல் ஓர் ஆலோசகர் பேச்சை நம்பி அதைத் தனியார் பென்ஷனுக்கு மாற்றிவிட்டோம். பிரிட்டிஷ் ஸ்டீல் தொழிலாளர்கள் சுமார் 8,000 பேர் இப்படி வெளியேறி, அதில் பலர் நஷ்டப்பட்ட கதையைப் படித்த பிறகுதான் அந்த ஆலோசனை பற்றிப் புகாரே கொடுத்தோம்.

இப்போது அந்தப் புகாருக்கு நஷ்டஈடு தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. இழப்பு 48,000 பவுண்டு. அதில் 7,200ஐ உத்தேச வரி என்று கழித்து, 40,800 கையில் தருகிறார்களாம். பென்ஷனாக வந்திருந்தால் கால் பங்குக்கு வரியில்லை, முக்கால் பங்குக்கு 20%. ஆக மொத்தம் 15%. ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்து இவர் இதை நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டார். கணக்கு சரிதான். தாமதத்துக்கான 8% வட்டிக்கு வரி உண்டு என்பதும் தெரியும்.

குழப்பம் வேறு இடத்தில். கையில் வாங்காமல் பென்ஷனிலேயே போடச் சொல்லலாமா? ஆனால் போன வருடமே அதிலிருந்து மாதாமாதம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அதனால் வரிச்சலுகையோடு வருடத்துக்கு 60,000 பவுண்டு வரை போடலாம் என்ற வரம்பு அவருக்கு 10,000 ஆகிவிட்டது. நஷ்டஈடும் அந்த வரம்பில் சேருமா? இந்த நிலையில் பென்ஷனில் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், வட்டிக்கு நாமே வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா?

மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.