ஸ்டில்லின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி'யில் எங்கே காதை வைப்பது?

இரவுக்கிளி:

வில்லியம் கிரான்ட் ஸ்டில்லின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி'யை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். அரை மணி நேரம்கூட இல்லை, அலுப்பே தட்டவில்லை, இனிமையாகத்தான் இருக்கிறது. எனக்கு இடிப்பதே அந்த இனிமைதான். பீத்தோவன், பிராம்ஸ், துவோர்ஷாக் எல்லாம் ஓரளவு பழக்கம். அவர்கள் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, உடைத்து, புரட்டி, ஒன்றோடொன்று முட்டவிட்டு எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். இங்கே அந்த முட்டல் மோதல் எதுவும் காதில் விழவில்லை. பழைய ஹாலிவுட் படத்துப் பின்னணி இசை மாதிரி ஒரு மெட்டு முடிந்தால் இன்னொன்று வருகிறது, அவ்வளவுதான். கறுப்பின அமெரிக்கர் ஒருவர் எழுதிய சிம்பொனியைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது இதுதான் முதல்முறை, 1931, ராச்செஸ்டர், ஹோவர்ட் ஹான்சன் நடத்தினார் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். சரி, அது வரலாறு. வரலாற்றுக்காகத் தலையாட்ட எனக்கு இஷ்டமில்லை. இசையாக இதில் என்ன இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கரகரப்பிரியன்:

நீங்கள் தேடுகிற முட்டல் மோதல் இதில் கிடைக்காது, அவர் கையில் எடுத்த பொருள் அப்படி.

முதல் பகுதியை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இங்கிலிஷ் ஹார்ன் என்கிற தாழ்ந்த குரல் குழல் தனியாகக் கொஞ்சம் வாசித்து அடங்கும். அப்புறம் வாயில் மியூட் என்கிற அடைப்பைச் செருகிய ட்ரம்பெட் ஒரு மெட்டை எடுக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது அசல் பன்னிரண்டு பார் ப்ளூஸ், கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வடிவம். பார் என்றால் ஒரு தாளச் சுற்று. நாலு நாலு பாராக மூன்று அடி. முதல் அடி சொன்னதையே இரண்டாவது அடி லேசாக மாற்றித் திருப்பிச் சொல்லும், மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லி இறங்கும். அடியில் ஓடுகிற ஹார்மனியும் ப்ளூஸ் பாடகர் கித்தாரில் வாசிக்கிற அதே வரிசைதான். ஆனால் இது எங்கிருந்தோ எடுத்த நாட்டுப்பாட்டு இல்லை, ஸ்டில் தானே எழுதிய மெட்டு.

பீத்தோவன் வழியில் ஒரு மெட்டை வளர்க்க வேண்டும் என்றால் உடைத்தாக வேண்டும். ப்ளூஸ் ஒரு சுற்று. பன்னிரண்டு பார் முடிந்தால் மறுபடி தலையிலிருந்து. பாதியில் உடைத்தால் அது ப்ளூஸாகவே இருக்காது. அதனால் ஸ்டில் மெட்டை உடைக்காமல் ஆளை மாற்றுகிறார். ட்ரம்பெட் முடித்ததும் கிளாரினெட் அதே பன்னிரண்டு பாரை எடுக்கும், அது ஒவ்வொரு அடியிலும் மூச்சு விடுகிற இடத்தில் மற்ற வாத்தியங்கள் குறுக்கே புகுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கும். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதே இல்லை. வரி அப்படியே இருக்கும், அதைச் சுற்றி நடப்பதுதான் கச்சேரி.

ஹார்மனி மேஜரில் நிற்கும்போதே மேலே மெட்டு மைனரின் காந்தாரத்தைத் தொட்டுவிட்டு வரும், அதைக் கவனியுங்கள். அந்த ஒரு சுரத்தில்தான் உரசல் எல்லாம் இருக்கிறது, நீங்கள் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கத் தேடியிருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். நடுவில் ஓபோவில் இரண்டாவது தீம், அதாவது இரண்டாவது முக்கிய மெட்டு, ஒன்று வரும், கறுப்பினத்தவரின் பக்திப் பாட்டுகளான ஸ்பிரிச்சுவல்களின் சாயல். பாடப்புத்தகத்துச் சொனாட்டா வடிவம் என்றால் கடைசியில் முதல் தீம் முதலில் திரும்ப வேண்டும், அப்புறம்தான் இரண்டாவது. ஸ்டில் தலைகீழாக்கி, இரண்டாவதை முதலில், அதுவும் மைனரில் கொண்டுவந்துவிட்டு, ப்ளூஸைக் கடைசிக்கு வைத்திருக்கிறார். இனிமையாக இருக்கிறது என்பதற்காக யோசிக்காமல் எழுதினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த ட்ரம்பெட்டுக்கு ஹார்மன் மியூட் வேண்டும் என்று ஸ்கோரிலேயே கேட்டிருக்கிறார். ஜாஸ்காரர்கள் புழங்கிய உலோக மியூட் அது, செருகினால் ஒலி மெலிந்து மூக்கால் பாடுகிற மாதிரி வரும். 1930-ல் எழுதிய சிம்பொனியின் முதல் மெட்டையே அதன் வழியாகச் சொல்வது கொஞ்சம் அடாவடிதான். சில பதிவுகளில் இதைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாக வாசித்துவிடுகிறார்கள், உயிரே போய்விடுகிறது. நேமே யார்வி நடத்திய டெட்ராய்ட் சிம்பொனியின் பதிவு பரவாயில்லை.

ஹாலிவுட் வாடைக்கும் காரணம் இருக்கிறது. இந்த ஆள் ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டியிடம் வேலை பார்த்தவர், பால் ஒயிட்மேன் ஜாஸ் குழுவின் ரேடியோ நிகழ்ச்சிக்கு அரேஞ்ச்மென்ட் எழுதியவர். பின்னால் கொஞ்ச காலம் ஹாலிவுட்டிலும் வேலை. பழைய படங்களில் நீங்கள் கேட்ட அந்த ஒலி இவரைப் போன்ற அரேஞ்சர்களின் மேசையிலிருந்து போனது.

செல்லோக்காரி:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் முதல் பகுதியோடு நிறுத்திவிட்டால் எப்படி? எனக்கு இந்தச் சிம்பொனி என்றால் நாலாவது பகுதிதான். கம்பி வாத்தியங்கள் தேவாலயத்துப் பாட்டு மாதிரி ஒரு நீண்ட மெட்டை அவசரமே இல்லாமல் இழுக்கும். மற்றவர்கள் கடைசிப் பகுதியில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், இவர் அங்கேதான் உட்காருகிறார், ஓட்டமெல்லாம் முடிவுக்கு வரும்போதுதான். நாலு பகுதிக்கும் ஏக்கம், துயரம், நகைச்சுவை, இலட்சியம் என்கிற பொருளில் பெயர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் கவிதை வரிகளையும் சேர்த்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை, நான் படிக்காமல்தான் கேட்டேன்.

மூன்றாவது பகுதியில் பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியம் வரும், விட்டுவிடாதீர்கள். தாளத்தின் எதிரடியில் சுரண்டிக்கொண்டே இருக்கும், மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அதற்கு ஏற்றமாதிரி ஆடும். அதே பகுதியில் கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' பாட்டு மாதிரி ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். இரண்டுமே 1930. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. 1921-ல் 'ஷஃபிள் அலாங்' நாடகத்தின் குழுவில் ஸ்டில் ஓபோ வாசித்தவர், அப்போதே அந்தத் துண்டை வாசித்துவந்தார் என்பது அவர் தரப்பு.

பழையரேடியோ:

கேள்வி கேட்டவருக்கு மோதல்தான் வேண்டும் என்றால் ஸ்டில்லை விட்டுவிட்டு வில்லியம் டாசனிடம் போகச் சொல்லுங்கள். 'நீக்ரோ ஃபோக் சிம்பொனி', 1934, நடத்துனர் ஸ்டோகோவ்ஸ்கி பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு முதலில் வாசித்தது. டாசன் டஸ்கீகி கல்லூரியில் பாடகர் குழு நடத்தியவர், ஸ்பிரிச்சுவல்களை உள்ளும் புறமும் அறிந்தவர்.

எடுத்த எடுப்பில் பிரெஞ்சு ஹார்ன் என்கிற பித்தளை வாத்தியம் தனியாக ஒரு கூப்பிடு குரல் கொடுக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து முதல் மனிதனை அடிமையாகக் கொண்டுபோனபோது மனிதச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது என்று டாசன் சொன்னார், அந்த அறுந்த கண்ணிதான் இந்த ஹார்ன். மூன்று பகுதியிலும் அது திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளும். இரவுக்கிளி கேட்கிற 'உடைத்துப் புரட்டுவது' இங்கே தாராளமாக உண்டு. இரண்டாவது பகுதி மூன்று காங் (பெரிய வட்டத் தட்டு மணி) அடியோடு தொடங்கும், அப்புறம் கம்பிகள் விரலால் சுண்டிக்கொண்டே நடக்க, மேலே இங்கிலிஷ் ஹார்ன். அதன் முடிவில் ஒலி பெருகி வடிந்து, மறுபடி பெருகி வடியும். ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதீர்கள், காது போய்விடும்.

1952-ல் மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு வந்து தாளப் பகுதிகளைத் திருத்தினார். ஸ்டோகோவ்ஸ்கியின் 1963 பதிவு அந்தத் திருத்திய வடிவம்.

இரவுக்கிளி:

கரகரப்பிரியன் சொன்ன மாதிரி ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டேன். அந்த மூன்று அடி இப்போது தெளிவாக விழுகிறது. கிளாரினெட் வாசிக்கும்போது குறுக்கே வருகிற பதில்களும் கேட்கிறது, அவை இல்லாவிட்டால் அந்த இடம் பாதிதான். நாலாவது பகுதி மட்டும் எனக்கு இன்னும் நீளமாகத்தான் படுகிறது, செல்லோக்காரி மன்னிக்கவும். டாசனை வார இறுதிக்கு வைத்திருக்கிறேன். ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்கிற இசையமைப்பாளர் பெயரும் அடிக்கடி கண்ணில் படுகிறது, அவரை எங்கே தொடங்கலாம்?

செல்லோக்காரி:

மன்னிப்பெல்லாம் கிடையாது :) பிரைஸ் என்றால் முதல் சிம்பொனி, இ மைனர். 1933-ல் சிகாகோ சிம்பொனி வாசித்தது. இரண்டாவது பகுதியில் பித்தளை வாத்தியங்கள் கூடி ஒரு தேவாலயப் பாட்டைப் பாடும், அதற்காகவே கேட்கலாம். மூன்றாவது ஜூபா நடனம், கைதட்டலும் தொடைதட்டலுமாக ஆடிய ஆட்டத்தின் தாளம். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஏராளமாக 2009-ல் இலினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் கிடைத்தன, நாலாவது சிம்பொனியும் அதில் இருந்தது. அந்த வீடு இடிந்து விழுந்திருந்தால் இதை யாரும் கேட்டிருக்க முடியாது என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தனிச்சுரம்:

ஒரு எதிர்ப்பைப் பதிந்துவிட்டுப் போகிறேன். கறுப்பினத்தவர் எழுதினால் ப்ளூஸ், ஸ்பிரிச்சுவல், பாஞ்சோ என்று தேடுகிறீர்களே, ஜார்ஜ் வாக்கரை எங்கே வைப்பீர்கள்? 1946-ல் எழுதிய 'லிரிக் ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' இறந்துபோன பாட்டிக்காக எழுதியது, வெறும் கம்பி வாத்தியங்கள், ஆறு நிமிடம் போல. அதில் உங்கள் அடையாளம் எதுவும் மேலே மிதக்காது. 'லைலாக்ஸ்' 1996-ல் புலிட்சர் பரிசு வாங்கியது, இசைக்கான புலிட்சரைப் பெற்ற முதல் கறுப்பின இசையமைப்பாளர் அவர். பிற்காலச் சின்ஃபோனியாக்கள், அதாவது அவருடைய குறுஞ்சிம்பொனிகள், கரடுமுரடு, உங்களைக் கொஞ்சவே கொஞ்சாது. மோதல் கேட்டவருக்கு அங்கே நிறைய இருக்கிறது.

கரகரப்பிரியன்:

வாக்கர் பெரிய ஆள், மறுப்பில்லை. ஆனால் அதற்காக ஸ்டில்லை யாரோ ப்ளூஸ் பக்கம் தள்ளிவிட்ட மாதிரி பேச வேண்டாம். அவர் புதுமை இசைக்குப் பேர்போன எட்கார் வரேஸிடம் படித்தவர், 1920-களில் கரடுமுரடாகவும் எழுதிப் பார்த்தவர். அதெல்லாம் கைவந்த பிறகு, தானே முடிவு செய்து வந்த இடம் இது. 'லிரிக்' நானும் அடிக்கடி கேட்பது. சின்ஃபோனியாவில் எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று சொன்னால் இரவுக்கிளிக்கும் உதவும், எனக்கும் உதவும்.

தனிச்சுரம்:

ஐந்தாவது, 'விஷன்ஸ்'. 2015-ல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் ஊர்த் தேவாலயத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு எழுதியது, அப்போது அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பேச்சுக்குரல்களோடு ஒரு வடிவம், இல்லாமல் ஒரு வடிவம் உண்டு. முதலில் குரல் இல்லாததைக் கேளுங்கள்.