ஜூலியட்டின் குறை அவசரமா?

கோத்தகிரி வாசகர்:
போன ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டைப் படித்து முடித்தோம். முடித்த கையோடு நான் ஒன்று சொன்னேன்: ஜூலியட்டைக் கொன்றதில் இரண்டு குடும்பங்களின் பகைக்கு எவ்வளவு பங்கோ, அவளுடைய அவசரத்துக்கும் அவ்வளவு பங்கு. பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

கணக்குப் பாருங்கள். ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு. திங்கள் ரகசியக் கல்யாணம். செவ்வாய் இரவு செத்தது போலக் காட்டும் மயக்க மருந்து. அந்த வாரம் முடிவதற்குள் கல்லறை. இது சரியில்லை என்று அவளுக்கே தெரிகிறது. 'மின்னுகிறது' என்று சொல்லி முடிப்பதற்குள் மறைந்துவிடும் மின்னல் மாதிரி இருக்கிறதே என்று மாடத்தில் நின்று அவளே பயப்படுகிறாள். ஆனால் அதே காட்சியில் கல்யாணப் பேச்சை முதலில் எடுப்பதும் அவள்தான். தெரிந்தே செய்வதைக் குறை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கொடைக்கானல் டீச்சர்:
சார், நீங்கள் சொல்கிற குறை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குறை. பதினான்கு முடிய அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் சொச்சம் இருக்கிறது. 1562-இல் ஆர்தர் புரூக் எழுதிய கவிதையிலிருந்துதான் ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தார். அதில் அவளுக்குப் பதினாறு, கதையும் மாதக்கணக்கில் நடக்கிறது. வயதையும் நாளையும் வெட்டிக் குறைத்தவர் ஷேக்ஸ்பியர். அவர் காட்ட நினைத்தது அந்த ஊர் முழுக்க இருந்த அவசரத்தை. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை பாரிஸோடு வியாழக்கிழமை வைத்திருந்த கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு இழுத்தது யார்? அப்பா. அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் ரோமியோவுக்குச் சேதி சொல்ல இன்னொரு ஆள் அனுப்பியிருக்கலாம்.

மருந்து குடிக்கும் காட்சியை எங்கள் பள்ளி மேடையில் போட்டோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நடித்தாள். மருந்து வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே அட்டைக் கத்தியை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். பிடி தன் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். நான் சொல்லித்தரவில்லை. அப்புறம்தான் ஒவ்வொரு பயமாகச் சொன்னாள்: இது விஷமாக இருந்தால்? சீக்கிரம் விழித்துவிட்டால்? உறவுக்காரன் டைபால்ட்டின் பிணம் கல்லறையில் பக்கத்தில் கிடக்குமே? எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் குடித்தாள். இவளா அவசரக்காரி?

கோத்தகிரி வாசகர்:
டீச்சர், அப்பா ஏன் தேதியை முன்னால் இழுத்தார் என்பதை விட்டுவிட்டீர்கள். ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்து, மயக்க மருந்தையும் கொடுத்த பாதிரியார் லாரன்ஸைப் பார்த்துவிட்டு வந்தவள் அப்பா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள், இனி உங்கள் சொல்படி நடப்பேன் என்கிறாள். அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் நாளைக்கே கல்யாணம் என்கிறார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால்?

குன்னூர் நர்ஸ்:
அதற்கு முன் ஒரு காட்சியில் அதே அப்பா அவளைத் தெருவில் பிச்சை எடுத்துச் சாகச் சொன்னாரே சார், அவரிடமா?

கூடலூர் தமிழ் மாணவன்:
ஐயா, டீச்சர், இரண்டு பேரும் கோபிக்காதீர்கள். நாம் குறிஞ்சி பூக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுகிறோம். இதே கதை நம்மிடம் களவு ஒழுக்கமாக, அதாவது வீட்டுக்குத் தெரியாத காதலாக, இருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடி முழுக்க என்ன? தலைவி வாய் திறக்க முடியாமல் மெலிகிறாள், தோழி போய், தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். செவிலி, பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள், அங்கிருந்து செய்தி அப்பா, அண்ணன்மார் காதுக்குப் போகும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

ஜூலியட்டுக்கும் செவிலி இருக்கிறாள், பால் கொடுத்து வளர்த்தவள். எல்லாம் தெரிந்தும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். சரி, தோழி எங்கே? 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். முதல் அங்கத்தைத் திரும்பப் பாருங்கள். அந்தச் செவிலிக்கு சூசன் என்று ஒரு மகள் இருந்தாள், ஜூலியட் வயதுதான். செத்துப்போய்விட்டாள், ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறாள். ஜூலியட்டின் தோழி அவள்தான் ஐயா. நாடகம் தொடங்கும்போதே அவள் இல்லை.

கொடைக்கானல் டீச்சர்:
தம்பி, இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் சூசனை நான் இப்படிப் பார்த்ததில்லை. ஆனால் நீ சொல்வது சரி என்றால் குறை ஜூலியட்டுடையது இல்லை. ஆள் இல்லாததை அவள் குணத்தில் எப்படி ஏற்றுவது?

கூடலூர் தமிழ் மாணவன்:
கொஞ்சம் ஏற்றலாம் டீச்சர். செவிலி கைவிட்ட பிறகு இனி அந்தச் செவிலியிடம் மனதைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டுகிறாள். அம்மாவையும் செவிலியையும் அறையிலிருந்து அனுப்பிவிட்டுத் தனியாகவே குடிக்கிறாள். அந்த இறுக்கம் அவளுடையது.

குன்னூர் நர்ஸ்:
அதை இறுக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு பெண், அவளுக்கும் பதினான்கு இருக்கும். வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள், பேசாமல் இரு என்றார்களாம். மூன்றாவதாக என்னிடம் சொன்னாள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நான்தான் போன் செய்தேன். மூன்றாவது ஆளிடம் சொல்ல அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜூலியட்டின் மூன்றாவது ஆள் பாதிரியார். அவருக்கு எல்லாம் தெரியும். புதன்கிழமை காலை அவள் செத்துக் கிடப்பதாக வீடே அழுகிறபோதும் அங்கேயே நின்றார், உண்மையைச் சொல்லவில்லை. கல்லறையில் ஆள் வரும் சத்தம் கேட்டதும் அவளை விட்டுவிட்டு ஓடினார்.

கோத்தகிரி வாசகர்:
பாதிரியார் விஷயத்தில் மறுபேச்சு இல்லை, ஓடியது ஓடியதுதான். திட்டத்தைச் சொல்லி ரோமியோவுக்குப் பாதிரியார் அனுப்பிய கடிதம் போய்ச் சேராததும் அவள் தப்பில்லை. கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த மாடக் காட்சியை என்னால் விட முடியவில்லை. மின்னல் என்று சொன்ன வாயால் அவள் இன்னும் ஒரு வாரம் பொறுத்திரு என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் தோழி வேண்டியதில்லை.

கொடைக்கானல் டீச்சர்:
ஒரு வாரத்தில் பாரிஸுக்குக் கட்டிவைத்திருப்பார்கள் சார். விருந்துக்கு முன்பே பாரிஸ் பெண் கேட்டாயிற்று. மாடத்துக்கு வரும்போதே அவளுக்கு அது தெரியும்.

கோத்தகிரி வாசகர்:
அந்த வரிசையை நான் யோசிக்கவில்லை டீச்சர். வருகிற ஞாயிறு முதல் அங்கத்தை மறுபடி எடுக்கிறோம். தம்பி, கூடலூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் வந்துவிடலாம், குறிஞ்சிப்பாட்டையும் கையோடு கொண்டு வா.