1176, எல்ஏ-2ஏ பிளகின்கள்: பயன்படுத்துபவர்கள் கவனித்தவை

1176, எல்ஏ-2ஏ போன்ற பழைய கம்ப்ரசர்களின் (உரத்த ஒலியைத் தானே தணிக்கும் கருவிகளின்) மென்பொருள் நகலான பிளகினைப் போட்டதும் குரல் நசுங்கிப்போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்ளே போகும் ஒலியின் அளவு. 1967-இல் பில் புட்னம் வடிவமைத்த 1176-இல் த்ரெஷோல்டு (தணிப்பு தொடங்கும் அளவு) குமிழே கிடையாது. த்ரெஷோல்டு ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். இன்புட் குமிழைத் திருகி நாம்தான் ஒலியை அதன்மேல் ஏற்ற வேண்டும். பல நகல்களில் −18 டிபிஎஃப்எஸ் அளவை (டிஜிட்டல் உச்சமான 0-க்கு 18 டிபி கீழே) பழைய கருவியின் 0 வியூவுக்கு, அதாவது மீட்டரின் இயல்பு அளவுக்கு, சமமாக வைத்திருக்கிறார்கள். குரலை −1 வரை நார்மலைஸ் செய்து (உச்சம் −1-ஐத் தொடும்படி மொத்தமாக உயர்த்தி) உள்ளே விட்டால் உச்சங்கள் அந்த அளவுக்கு 17 டிபி மேலே போய் நிற்கும். இன்புட்டைக் கொஞ்சம் திறந்தாலே, ஒலி எத்தனை டிபி தணிகிறது என்று காட்டும் முள் 15, 20 என்று சாய்ந்துவிடும். பிறகு பிளகினைக் குறை சொல்லிப் பயனில்லை.

நார்மலைஸ் வேண்டாம். கிளிப் கெயினில் (பதிவுத் துண்டின் ஒலியளவில்) வரிவரியாகச் சரிசெய்து, சராசரி −18 அருகிலும் உச்சங்கள் −8, −10 அருகிலும் இருக்கும்படி கொண்டுவாருங்கள். பிறகு 4:1 ரேஷியோ (தணிப்பின் விகிதம்), அட்டாக் (தணிக்கத் தொடங்கும் வேகம்) 3, ரிலீஸ் (தணிப்பை விடும் வேகம்) 6. உரக்கப் பாடும் சொல்லில் மட்டும் முள் 4, 5 டிபி இறங்கும்வரை இன்புட்டைத் திறங்கள். மெல்லிய வரியில் முள் பூஜ்யத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்பவில்லை என்றால் அளவு இன்னும் அதிகம். சில நகல்களில் ஹெட்ரூம் திருகு (எந்த அளவை 0 வியூவாகக் கொள்வது என்பதை மாற்றுவது) இருக்கும். ஏற்கெனவே சத்தமாக வந்த டிராக்குக்கு அதைத் தளர்த்தியும் பார்க்கலாம்.

* * *

மேல சொன்ன அட்டாக் 3-ஐ மெதுவா வேகமான்னு பலர் தப்பா எடுத்துப்பாங்க. 1176-ல குமிழ் தலைகீழ்: 7 வேகம், 1 மெது. ரிலீஸும் அப்படித்தான், 7-ல 50 மில்லி செகண்ட், 1-ல 1.1 செகண்ட்.

இன்னொண்ணு. அட்டாக் 7-ல 20 மைக்ரோ செகண்ட், 1-ல 800. அதாவது இருக்கிறதிலேயே மெதுவா வச்சாலும் ஒரு மில்லி செகண்டைத் தாண்டாது. மிருதங்கத்துல வலந்தலை "நம்" விழும்போது விரல் விளிம்புல படுற அந்த முதல் தட்டைக்கூட இது பிடிச்சு மழுக்கிடும். "அட்டாக்கை மெதுவாத்தான் வச்சேன், அடி ஏன் செத்துப்போச்சு"ன்னு கேட்டா காரணம் இதுதான். அடி வெளியே வரணும்னா எஸ்எஸ்எல் பஸ் கம்ப்ரசர் நகலுக்குப் போங்க. அதுல 0.1-லிருந்து 30 மில்லி செகண்ட் வரை படி இருக்கு. 10 இல்ல 30-ல வச்சா தட்டு தாண்டின பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். ரேஷியோ 4, ரிலீஸ் 0.1, முள் 3 டிபி போதும்.

பேஸ் கிட்டாருக்கு 1176 அருமை. ஆனா அட்டாக், ரிலீஸ் ரெண்டையும் 7-ல வைக்காதீங்க. தடிமனான ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 24 மில்லி செகண்ட். அந்த வேகத்துல கம்ப்ரசர் ஒரே அலைக்குள்ளேயே ஏறி இறங்கி அலையோட வடிவத்தையே மாத்திடும், கரகரன்னு கேக்கும். ரிலீஸை 3, 4-க்குக் கொண்டுவந்தா அது பெரும்பாலும் அடங்கிடும்.

* * *

எல்ஏ-2ஏ பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டே குமிழ் என்பதால் எளிது என்று நினைத்துவிடுகிறோம். ஜிம் லாரன்ஸ் வடிவமைத்த அந்தக் கருவிக்குள் டி4 என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதில் ஒலிக்கேற்ப ஒளிரும் ஒரு தகடு, அந்த ஒளியைப் பார்க்கும் ஒரு ஒளிமின்தடை. ஒளி கூடினால் ஒலி குறையும். ஒளி அணைந்த பிறகும் அந்த மின்தடை உடனே பழைய நிலைக்கு வராது. முதல் பாதி சுமார் 60 மில்லி செகண்டில் திரும்பும். மீதிப் பாதிக்கு அரை செகண்டிலிருந்து 5 செகண்ட் வரை ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக ஒளி பட்டதோ அந்த அளவுக்குத் தாமதம். நல்ல நகல்கள் இந்த ஞாபகத்தையும் அப்படியே கொண்டுவருகின்றன.

இதனால் வரும் கோளாறு இது. சரணத்தின் கடைசி வரியை மேல் ஸ்தாயியில் நீட்டிப் பாடிவிட்டு, பல்லவியை மென்மையாக எடுக்கும்போது அதன் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். தணிப்பின் அளவை மாற்றும் குமிழான பீக் ரிடக்‌ஷனைக் குறைத்தால் பாட்டு முழுக்கத் தளர்ந்துவிடுகிறது. அந்த நீண்ட ஸ்வரத்தை மட்டும் கிளிப் கெயினில் 3 டிபி இறக்குங்கள், அல்லது எல்ஏ-2ஏ-வுக்கு முன்னால் 1176-ஐப் போட்டு உச்சத்தை அதனிடம் விடுங்கள். 1176-இல் 4 டிபி, பின்னால் எல்ஏ-2ஏ-வில் 2, 3 டிபி. இந்த வரிசை இவ்வளவு காலம் நிலைத்திருப்பது வீணாக அல்ல.

"ப" எழுத்து மைக்கில் வெடிக்கும்போது முள் குதித்து முழுச் சொல்லையும் அமுக்குவதும் உண்டு. முன்னாலேயே 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான ஒலியை வெட்டுவது) போட்டால் சரியாகும். மூலக் கருவியின் எம்ஃபசிஸ் திருகு சில நகல்களில் உண்டு. அதைத் திருப்பினால் கீழ் ஒலிகளைவிட மேல் ஒலிகளுக்கே கருவி அதிகம் பணியும்.

* * *

ஹம் சுவிட்சை அணையுங்கள். 50, 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் நகல்களில் அது மூலக் கருவியின் மின் இரைச்சலையும் சேர்த்துத் தருகிறது. ஒரு டிராக்கில் தெரியாது. தனித்தனி இரைச்சல் என்றாலே 16 டிராக்கில் 12 டிபி ஏறும். ஒரே தாளத்தில் ஓடும் ஹம் என்றால் அதற்கும் மேல். பாட்டு முடிந்து தம்புரா தேயும் இடத்தில்தான் அது வெளியே தெரியும்.

* * *

ஓவர்சாம்ப்ளிங் (பிளகின் தனக்குள் அதிக சாம்பிள் ரேட்டில் ஓடுவது) பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவதைவிடச் சோதித்துப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் ஒரு செஷன் திறந்து, 9 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை −18-இல் வைத்து 1176 நகலுக்குள் விடுங்கள். பின்னால் ஒரு அனலைசர். இன்புட்டை ஏற்றுங்கள். மூன்றாவது ஹார்மோனிக் (மூல அலையின் மும்மடங்கு) 27 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 44.1-இல் பாதிக்கு மேல் இடமில்லாததால் மடங்கி 17.1-இல் விழும். ஐந்தாவது 45 கிலோஹெர்ட்ஸ், மடங்கி 900 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். 900 என்பது குரலின் நடுப்பகுதி. அனலைசரில் அந்த இடத்தில் மெல்லிய கோடு எழும்பினால் அதுதான் அலியாசிங். ஓவர்சாம்ப்ளிங்கைப் போட்டதும் அந்தக் கோடு அமிழும். 96-இல் ஓட்டினால் 45 கிலோஹெர்ட்ஸுக்கு இடம் இருப்பதால் அது மடங்காது. ஜால்ரா, ஹை-ஹாட் டிராக்குகளில் இந்த வேறுபாடு காதுக்கே எட்டும். பேஸில் அவ்வளவாக எட்டாது, சிபியூவை மிச்சப்படுத்தலாம்.

ஓவர்சாம்ப்ளிங் போட்டால் தாமதமும் கூடும். பாடகர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும் டிராக்கில் அதை அணைத்துவையுங்கள். பேரலல் கம்ப்ரஷனில் (மூல டிராக்கோடு கம்ப்ரஸ் செய்த நகலையும் கலப்பதில்) டிஏடபிள்யூ (பதிவு மென்பொருள்) இந்தத் தாமதத்தை ஈடுகட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிராக்கை நகலெடுத்து, ஒன்றில் பிளகினைக் கம்ப்ரஷன் இல்லாமல் வைத்து, இன்னொன்றின் போலாரிட்டியைத் திருப்புங்கள் (அலையைத் தலைகீழாக்குங்கள்). அவுட்புட்டைச் சமமாக்கினால் ஒலி ஏறக்குறைய மறைய வேண்டும். மேல் ஒலிகள் மட்டும் சலசலவென்று மிஞ்சினால் தாமதம் ஈடாகவில்லை என்று சந்தேகப்படலாம்.

* * *

பைபாஸ் போட்டு ஒப்பிடுகிறவர்கள் அவுட்புட்டை 0.5 டிபிக்குள் சமமாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். 1176 நகலில் கம்ப்ரஷனை அணைத்தாலும் ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர் பகுதியின் நிறம் ஒலியில் இருக்கும். அந்த நிறம் பிடித்திருக்கிறதா, வெறும் 3 டிபி சத்தம் பிடித்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.