கொதிக்கும்போது மட்டும் கசியும் பால் (ball) வால்வு: வெல்டிங் செய்யாமல் சரிசெய்ய வழி உண்டா?

அல்சூர் இஞ்சிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வார இறுதிகளில் இஞ்சி சேர்த்த மால்ட் பானம் காய்ச்சி வருகிறேன். (கர்நாடகக் கலால் சட்டம், 1965-இன்படி உரிமம் இல்லாமல் பீர் தயாரிக்க இயலாது என்பதால், மால்ட் சாற்றை நொதிக்க விடாமல் குளிரவைத்து அப்படியே பருகுகிறோம். அந்த விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

சூடான சாற்றைச் செம்பால் மொண்டு ஊற்றிக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 50 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்றை வாங்கி, அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் துளையிட்டு, அரை அங்குல பால் வால்வை (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறந்து மூடும் குழாய்) பொருத்தினேன். நிப்பிள் (மரையுள்ள சிறு குழாய்), ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்), வாஷர், லாக்நட் அடங்கிய தொகுப்பை இணையத்தில் வாங்கினேன். வால்வை மட்டும் எஸ்.பி. ரோட்டுக் கடை ஒன்றில் வாங்கினேன். குளிர்ந்த நீரை நிரப்பி இரவு முழுவதும் வைத்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கொதிக்கத் தொடங்கியதும் வால்வின் கழுத்தருகே துளித்துளியாக வழிகிறது. நட்டை முறுக்க முறுக்க அண்டாவின் சுவர்தான் உள்வாங்குகிறதே தவிர, கசிவு நிற்கவில்லை.

இன்னொரு ஐயம்: எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெப்பமானி 97 டிகிரியைத் தாண்டுவதில்லை. அது பழுதென்றால், பக்கவாட்டில் இன்னொரு துளையிட்டு முள் வைத்த வெப்பமானியைப் பொருத்தலாமா?

மல்லேஸ்வரம் மாடிவீடு:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. டெஃப்லான் டேப்பை மரையில் கூடுதலாகச் சுற்றி முறுக்கியதும் நின்றுவிட்டது. நீங்களும் ஏழெட்டுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

பீன்யா கடைசல்காரர்:

டேப்பைச் சுற்றுவதற்கு முன்பு கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், தம்பி. இந்த அமைப்பில் நீர் வெளியேற இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, அண்டாவின் சுவருக்கும் ஓ ரிங்குக்கும் இடையே, மற்றொன்று, நிப்பிள் மரைக்கும் வால்வு மரைக்கும் இடையே. இரண்டு இடங்களிலும் மெல்லிய காகிதத்தைத் தனித்தனியாகச் சுற்றிவிட்டுக் கொதிக்க வையுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுவே குற்றவாளி.

மரையின் மீதுதான் எனக்குச் சந்தேகம். இணையத்தில் கிடைக்கும் இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்க என்.பி.டி. மரையில் வருகின்றன, நம் ஊர்க் கடைகளில் விற்கும் வால்வுகளோ பொதுவாகப் பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரை கொண்டவை. அரை அங்குல அளவில் இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள் என்பதால், ஒன்றுக்குள் ஒன்று முதல் சில சுற்றுகள் சிக்கலின்றி ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் முன்னதில் 60 டிகிரி, பின்னதில் 55 டிகிரி. ஆகவே இறுகியதுபோல் தோன்றினாலும் மரையின் வழியே சுருள் சுருளாக ஓர் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். கொதிநீரின் பிசுபிசுப்பு அறை வெப்பநிலை நீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குளிரில் அடைபட்டுக் கிடந்த வழி சூட்டில் திறந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தகைய பொருத்தத்தில் டேப் சில நாள்கள் தாங்கும், பிறகு கைவிடும்.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். அண்டா உருண்டையானது; வாஷர் தட்டையானது. தகடு மெல்லியதாக இருந்தால், நீங்கள் முறுக்கும் விசை ஓ ரிங்கை அழுத்துவதற்குப் பதிலாகத் தகட்டை வளைக்கிறது. துளையைச் சுற்றி உட்புறம் ஒரு மரக்கட்டையை அணைகொடுத்து, வெளியே ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமப்படுத்துங்கள். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் நீக்கிவிடுங்கள். ஓ ரிங்கைக் கிழிப்பது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான். ஓ ரிங் சிலிக்கோனாக இருக்கட்டும். குழாய்க் கடையில் தரும் கறுப்பு ரப்பர் நாளடைவில் கடினமாகிவிடும். சாற்றிலும் அதன் வாடை ஏறும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். மால்ட் சாறு புளிப்புத் தன்மை உடையது. துத்தநாகப் பூச்சு அதில் கரையும்.

ஜெயநகர் கொதிகலன்:

கடைசல்காரர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நிப்பிளை அண்டாவோடு பற்றவைக்கும் ஆர்கான் வெல்டிங்கையே நான் விரும்புவேன். ஓ ரிங்கும் நட்டும் இருக்கும் இடத்தில் அழுக்கு தங்குகிறது. அதை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவும் பொறுமை எனக்கு இல்லை. எந்த வழியில் சென்றாலும் வால்வு மூன்று துண்டு வகையாக இருக்கட்டும்; உள்ளிருக்கும் உருண்டையைச் சுற்றித் தங்கும் சாற்றைக் கழற்றிக் கழுவ அதுவே வசதி.

வெல்டிங் செய்வதென்றால் முதலில் அண்டாவின் தரத்தை அறிந்துகொள்ளுங்கள். பாத்திரக் கடைகளில் 202 தரமும் 304 தரமும் கலந்தே கிடைக்கின்றன. காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டிலுமே காந்தம் ஏறக்குறைய ஒட்டாது. நிக்கல் 304-இல் எட்டு சதவீதத்துக்குக் குறையாது. 202-இல் நான்கு முதல் ஆறு சதவீதம்தான், மீதியை மாங்கனீசு ஈடுசெய்கிறது. பற்றவைத்த இடத்தில் தோன்றும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தைத் தேய்த்து நீக்காவிட்டால் அங்கேயே துரு தொடங்கும்.

வெப்பமானி பழுதன்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் வெப்பமானியைப் பாராட்டுங்கள். இன்னொரு துளையிட்டு இன்னொரு கசிவை விலைக்கு வாங்காதீர்கள்.

அல்சூர் இஞ்சிக்காரன்:

காகிதச் சோதனையில் சுவர்ப்பக்கம் உலர்ந்தே இருந்தது, நனைந்தது மரைப்பக்கம். நிப்பிளை எடுத்துக்கொண்டு வால்வு வாங்கிய கடைக்கே சென்றேன். கடைக்காரர் தம்மிடமிருந்த வேறொரு வால்வில் அதைத் திருகிப் பார்த்து, நான்காவது சுற்றில் நிறுத்தி, “இது வேற மரை” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். வால்வின் மரைக்கே பொருந்தும் எவர்சில்வர் நிப்பிளும் நட்டும் வாங்கிப் பொருத்தி, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். துளிகூட இல்லை. சுவரின் பள்ளத்தையும் தட்டிச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது புதிய சிக்கல்: வால்வு இரண்டு அங்குலம் மேலே இருப்பதால், கிட்டத்தட்ட ஆறு லிட்டர் சாறு அடியிலேயே தங்கிவிடுகிறது. கடைசியில் அண்டாவைச் சாய்த்துத்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது.

பீன்யா கடைசல்காரர்:

உட்புற நிப்பிள் முனையில் ஓர் எல்போவை (வளைவு இணைப்பு) திருகி, அதிலிருந்து அடியை நோக்கி எவர்சில்வர் குழாய்த் துண்டு ஒன்றை இறக்குங்கள்; குழாயின் வாய் அடித்தகட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். சாற்றின் மட்டம் வால்வுக்குக் கீழே இறங்கிய பிறகும் ஓட்டம் நிற்காமல் இருக்க வேண்டுமானால், வால்வின் வாயில் மாட்டும் குழாய் அண்டாவின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். எல்போவின் இணைப்பிலும் காற்று புகக் கூடாது. அங்கே மட்டும், மல்லேஸ்வரம் நண்பர் சொன்ன டேப்பைத் தாராளமாகச் சுற்றுங்கள்.