ஹடோக்கன் அடிக்கப்போனால் ரியூ துள்ளுகிறான்: பேட்டைத் திருத்துவதா, ஸ்டிக் வாங்குவதா?

ரயில்பாதை_வீடு எழுதியது:

வணக்கம். நான் வெள்ளவத்தை. பழைய லெப்டொப் ஒன்றை ரீவியோடு இணைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 97, அப்புறம் சின்ன வயதில் ரீவி கேம் கெசட்டில் விளையாடிய கொன்ட்ரா, மரியோ எல்லாம் விளையாடுகிறேன். சனிக்கிழமைகளில் மனைவியின் தம்பி வருவான், இரவு பன்னிரண்டு வரைக்கும் போகும்.

பிரச்சினை என்னவென்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் என் ஆள் ரியூவை வைத்துக் கீழ், கீழ்-முன், முன், குத்து என்று ஹடோக்கன் (கையிலிருந்து எறியும் சக்திப் பந்து) அடிக்கப்போனால் அவன் பாதி நேரம் முன்னால் துள்ளிவிடுகிறான், துள்ளினால் மச்சானின் ஷோர்யூக்கன் என்ற துள்ளிக் குத்தும் அடி தயாராக நிற்கிறது. கொன்ட்ராவில் வலது பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்போது துப்பாக்கி தானாகக் கீழே சரிந்து சுடுகிறது. கையில் இருப்பது சூப்பர் நின்டெண்டோ வடிவத்தில் வரும் ஒரு ப்ளூடூத் பேட் (கொன்ட்ரோலர்), வாங்கி ஒரு வருடம்தான்.

15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். நல்ல ஆர்கேட் ஸ்டிக்கை (லீவர் என்ற கைப்பிடியும் பெரிய பட்டன்களும் உள்ள பெட்டி) வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். என்ன செய்யலாம்? பிழை பேட்டிலா, என் பெருவிரலிலா?

கெசட்_காலம் எழுதியது:

தம்பி, ஒன்றும் வாங்கிவிடாதீர்கள் இப்போதைக்கு. கொன்ட்ரா விஷயத்தைச் சொன்னீர்களே, அதிலேயே பிழை எங்கே என்று தெரிந்துவிட்டது. விரல் நேராக வலதை அழுத்துகிறது, பேட் வலதோடு கீழையும் சேர்த்து அனுப்புகிறது. ஹடோக்கனின் கடைசியில் வலதோடு மேல் சேர்ந்துவிடுகிறது, அதனால்தான் ரியூ துள்ளுகிறான்.

உள்ளே இருப்பது மிக எளிமையான பொருள். சிலுவை வடிவப் பிளாஸ்டிக், அதன் நடுவில் ஒரு குமிழ், அந்தக் குமிழின் மேல்தான் சிலுவை சாய்ந்தாடும். கீழே ரப்பர் விரிப்பு, அதில் நான்கு மேடு, ஒவ்வொரு மேட்டின் அடியிலும் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு. பொட்டு சர்க்கிட் போர்டில் இருக்கும் சீப்புப் பல் போன்ற கோடுகளைத் தொட்டால் பட்டன் அழுந்தியதாகக் கணக்கு. 1982இல் டோங்கி கோங் கேம் அண்ட் வொச்சுக்காக குன்பே யோகோய் அமைத்த சிலுவை இன்றைக்கும் அடிப்படையில் இப்படித்தான். குமிழ் கொஞ்சம் பதிவாக இருந்தாலோ ரப்பர் தளர்ந்தாலோ, வலதை அழுத்தும்போது மேல், கீழ்ப் பொட்டுகளின் ஓரமும் இறங்கித் தொட்டுவிடும்.

நான் செய்தது டேப் ஒட்டியதுதான். பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றி, மெதுவாகத் திறந்து, முதலில் பற்றரி வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தோள் பட்டன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று பிறகு ஞாபகம் வராது. போர்டில் மேல், கீழ் ஆகிய இரண்டு வட்டங்களில் மட்டும், வட்டத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மெல்லிய செலோடேப் துண்டால் மூடி, நடுவில் ஒரு ஒடுங்கிய கோடு மட்டும் திறந்திருக்க விடுங்கள். சாய்வாக வரும் ஓரம் டேப்பில் படும், நேராக அழுத்தினால் நடுப்பகுதி வேலை செய்யும். கூட மூடிவிட்டால் கீழ்-முன் என்ற மூலையே வராமல் போய் ஹடோக்கன் அடியோடு நின்றுவிடும், ஆகவே கொஞ்சம் ஒட்டி, மூடி, சோதித்து, தேவையென்றால் இன்னும் கொஞ்சம். எனக்கு மூன்றாவது தடவைதான் சரி வந்தது. பிரவுசரில் திறக்கும் கேம்பேட் டெஸ்டர் பக்கம் ஏதாவதொன்றில் எந்தத் திசை போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கடற்கரைப் பக்கம் இருக்கிறீர்கள், உப்புக் காற்று. திறந்தது திறந்ததுதான், ஐசோப்ரொபைல் அல்கஹோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து அந்தக் கோடுகளையும் துடைத்துவிடுங்கள். கார்பன் பொட்டைத் தேய்க்க வேண்டாம், உரிந்துவிடும்.

சண்டை கேமுக்கு ஸ்டிக் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2014இல் எவோ என்ற சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வென்ற பிரெஞ்சு வீரர் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பேட்டோடுதான் மேடையில் இருந்தார்.

மருதானை_மேசை எழுதியது:

பேட்டைத் திறக்க முதல் ரீவி மெனுவில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள் அண்ணா. இந்தக் கேம்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கன். படத்தை அழகாக்க ரீவி எடுக்கும் நேரம் அதில் பல ஃபிரேமை விழுங்கிவிடும். ப்ளூடூத்தையும் விட்டுவிட்டு யூஎஸ்பி வயரில் ஒரு நாள் விளையாடிப் பாருங்கள். துள்ளுவது இதனால் நிற்காது, ஆனால் கை சொல்வதும் கண் பார்ப்பதும் ஒன்றாகும்.

பிகோ_பெட்டி எழுதியது:

டேப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, கொன்ட்ராவுக்கும் மரியோவுக்கும் அந்தப் பேட்டையே வைத்துக்கொள்ளுங்கள். சண்டை கேமுக்கு மட்டும் லீவர் இல்லாத பட்டன் பெட்டி ஒன்றை நீங்களே செய்யலாம் என்பது என் கருத்து. இடது கையின் மூன்று விரலுக்கு இடது, கீழ், வலது, பெருவிரலுக்குக் கொஞ்சம் பெரிய பட்டன் ஒன்று, அது மேல். அவ்வளவுதான். ஹடோக்கன் என்றால் கீழை அழுத்தி, விடாமல் முன்னை அழுத்தி, பிறகு கீழை விடுவது. பெருவிரல் தொடாதவரை ரியூ துள்ளவே மாட்டான்.

செலவு செய்ய முன் கீபோர்டில் ஒரு வாரம் பழகிப் பாருங்கள், காசு போகாது. மலிவான கீபோர்டுகள் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும், அதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

பிடித்துப்போனால் ராஸ்ப்பெரி பை பிகோ என்ற சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்குங்கள். அதைக் கொன்ட்ரோலராக்க ஜிபி2040-சிஈ என்ற இலவச ஃபேர்ம்வெயர் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறது. பிகோவில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே யூஎஸ்பியைச் செருகினால் பென் டிரைவ் மாதிரி திறக்கும், ஃபைலை இழுத்து உள்ளே போட்டால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு கால். ஒன்றிலிருந்து பிகோவின் ஒரு பின்னுக்குத் தனி வயர், மற்றக் கால்களை எல்லாம் ஒரே வயரில் மாலை மாதிரிக் கோத்து கிரவுண்டுக்குக் கொடுத்தால் போதும். ரெசிஸ்டர் எதுவும் தேவையில்லை.

வயர், ஹெடர் பின் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். வயர் முனையில் வைத்துப் பட்டனில் மாட்டும் சின்ன லக் (உலோகக் கவ்வி) வாங்கும்போது கவனம். சன்வா என்ற ஜப்பான் கம்பெனியின் பட்டன்களின் கால் 2.8 மில்லிமீற்றர். நான் பஞ்சிகாவத்தையில் வாகன வயரிங்குக்கு விற்கும் 6.3 மில்லிமீற்றர் லக்கை ஒரு பை நிறைய வாங்கிவந்து, ஒன்றுகூட மாட்ட முடியாமல் எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டினேன். பலகைக்கு மாபிள் வெட்டும் மெஷின் எல்லாம் வேண்டாம், தச்சு வேலைக்காரரிடம் 24 மில்லிமீற்றரிலும் 30 மில்லிமீற்றரிலும் வட்டத் துளை வெட்டும் ஹோல் சோ இருக்கிறதா என்று கேளுங்கள். பலகை தடிப்பென்றால் கிளிப் பட்டனை விட நட் போட்டு இறுக்கும் பட்டன் வாங்குவது நல்லது.

ஒரு விஷயம் முக்கியம். சிலுவை நடுவில் சாய்ந்தாடுவதால் இடதும் வலதும் ஒன்றாக அழுந்தாது. பெட்டியில் அழுந்தும். பழைய கேம்கள் அதை எதிர்பார்த்து எழுதப்பட்டவை அல்ல, சிலதில் கதாபாத்திரம் கோணலாக நடக்கும். இரண்டும் சேர்ந்தால் இரண்டையும் இல்லை என்று எடுக்கும்படி ஃபேர்ம்வெயரில் வைத்துவிடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் கம்பெனியான கேப்கொம் நடத்தும் புரோ டூர் போட்டியின் 2023 விதியும் அதுதான்.

கொட்டாஞ்சேனை_லீவர் எழுதியது:

நான் உடன்படவில்லை. கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 97 என்பது லீவருக்காக நான்கு பட்டனோடு செய்த கேம், மணிக்கட்டு சுழலும்போது வரும் அந்த டிக் டிக் சத்தத்தோடுதான் அரைவட்டம் கைக்குள் இறங்கும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஸாங்கீஃப் என்ற மல்யுத்த வீரனுக்குத் தேவையான முழுவட்டத்தைப் பட்டனில் அடிப்பது வேறு, கையால் சுழற்றுவது வேறு. பெட்டி செய்யத்தான் போகிறீர்கள் என்றால் அதே பிகோவில் லீவரையும் மாட்டலாம், ஐந்து வயர்தான், நான்கு திசையும் ஒரு கிரவுண்டும். சன்வா லீவர் சதுரக் கேட்டோடு (லீவர் அசையும் எல்லையைக் கட்டும் சட்டம்) வரும், மூலைகள் தெளிவாகக் கிடைப்பதால் கீழ்-முன் தவறாது. முதல் இரண்டு வாரம் மூலையில் மோதி மோதிக் கை நோகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபிளட்டில் இருந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கீழ் வீட்டுக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் மேசைக்குக் கீழே யோகா பாய் விரித்த பிறகுதான் முறைப்பாடு நின்றது.

ரயில்பாதை_வீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ரீவியில் கேம் மோட் இருந்தது, இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நேற்றிரவு பேட்டையும் திறந்தேன். போர்டின் கோடுகளில் மெல்லிய பச்சை படிந்திருந்தது, துடைத்ததும் பஞ்சு கறுத்துப்போனது. மேல், கீழ் இரண்டிலும் டேப் ஒட்டினேன். முதல் தடவை கூடிவிட்டது, குந்தவே முடியவில்லை. பிரித்து டேப்பை இன்னும் ஒடுக்கி ஒட்டினேன். டெஸ்டரில் இருபது தடவை வலதை மட்டும் அழுத்தினேன், இருபதும் வலதாகவே வந்தது. கொன்ட்ராவில் துப்பாக்கி நேராக நிற்கிறது. ஹடோக்கன் இடது பக்கம் நின்று அடித்தால் தவறுவதே இல்லை. வலது பக்கம் நின்று அடித்தால்தான் இன்னும் சில வேளை துள்ளுகிறான், அது விரல் என்று நினைக்கிறேன்.

பட்டன் பெட்டி யோசனை மனதில் நிற்கிறது. ஃபிளட்தான், கீழ் வீட்டில் கைக்குழந்தை, ஆகவே லீவரைச் சொந்த வீடு வரும்வரை தள்ளி வைக்கிறேன். @பிகோ_பெட்டி, பட்டன்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? என் விரல் கொஞ்சம் குட்டை, அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத் தச்சரிடம் போகலாம் என்றிருக்கிறேன்.

பிகோ_பெட்டி எழுதியது:

மேசையில் கையைத் தளர்வாக வைத்து, விரல் நுனி விழும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள், அதுதான் பட்டனின் நடு. ஆனால் 24 மில்லிமீற்றர் பட்டனின் விளிம்பு துளையை விட அகலம், பக்கத்துப் பட்டனில் முட்டும், ஆகவே நடுவிலிருந்து நடுவுக்கு 28க்குக் கீழே போகவேண்டாம். அட்டை வெட்டியதும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.